கொடுப்பு வழி மருந்தூட்டல்: வெற்றிலை வாயும் வலிப்பு மருந்தும்

மருந்து என்றதும் விழுங்கும் குளிசையும் ஊசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. முன்னையது வயிற்றை நம்பியது. பின்னையது பயிற்சி பெற்ற கையை நம்பியது. விழுங்க இயலாத நோயாளியும் ஊசியேற்ற ஆளில்லாத இடமும் ஒருங்கே நேரும்போது இவ்விரு வழிகளும் அடைபடுகின்றன. அத்தகைய வேளைகளுக்கு உதவும் மூன்றாவது வழியொன்று நம் வாயினுள்ளேயே உண்டு. கன்னத்தின் உட்சுவர் வழியே மருந்தைக் குருதியிற் சேர்ப்பதே அவ்வழியாகும். அதன் அமைப்பையும் இயக்கத்தையும் விளக்கி, பளை போன்றதொரு கிராமப் பிரதேசத்தில் அதற்குள்ள பயனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

இவ்வழிக்குப் புதுப்பெயர் ஆக்கவேண்டிய தேவை நமக்கில்லை. கன்னத்தின் உட்புறத்துக்கும் பல்முரசுக்கும் இடைப்பட்ட பை போன்ற இடத்தை வடபுலத்தார் 'கொடுப்பு' என்பர். வெற்றிலையைக் கொடுப்புக்குள் அடக்குவதும், பிறர் அறியாது கொடுப்புக்குள் சிரிப்பதும் அன்றாட வழக்குகள். இதனோடு உறவுடைய 'கொடிறு' என்னும் சொல் திருக்குறளின் கயமை அதிகாரத்தில் ஆளப்பட்டுள்ளது. எனவே இம்முறையைக் 'கொடுப்பு வழி மருந்தூட்டல்' என வழங்குதல் பொருத்தமாகும். நாவின் கீழ் மருந்தை வைப்பது இதனோடு நெருங்கிய முறையே ஆயினும், இரண்டும் ஒன்றல்ல. அவற்றின் வேறுபாடு பின்னர் தெளிவாகும்.

வாயில் அடக்கும் யாவும் இவ்வழியே குருதியைச் சேர்வதில்லை என்பதையும் முதலிலேயே கூறிவைத்தல் நன்று. இருமலுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிச் சாறிறக்கும்போது அச்சாறு உமிழ்நீரோடு தொண்டையைத் தடவி வயிற்றுக்கே செல்கின்றது. நாம் பேசவிருப்பது விழுங்கப்படாமலே உடலுட் புகும் மருந்தைப் பற்றியது.

2. கொடுப்பின் அமைப்பு

சிறுகுடலின் உட்சுவரை ஒரேயொரு கல அடுக்கு மூடியுள்ளது. அது உறிஞ்சுவதற்கென்றே அமைந்தது. கன்னத்தின் உட்சுவரோ உணவின் உராய்வைத் தாங்க அமைந்தது. அதன் மேலணி ஏறத்தாழ 40 முதல் 50 வரையான கல அடுக்குகளைக் கொண்டு, அரை மில்லிமீற்றர் அளவு தடித்திருக்கும். எனினும் அது தோலைப்போல் கொம்புப் பொருளால் கடினமுற்றதன்று. முரசும் மேலண்ணமும் அவ்வாறு கடினமுற்றவை. கன்னம் மென்மையானது, என்றும் ஈரமானது, அடியில் குருதிக் குழாய்கள் நிறைந்தது. ஆதலால் அது தோலினும் எளிதாகவும் குடலினும் அரிதாகவும் பொருள்களை உட்புகவிடுகின்றது.

மேலணியின் மேற்பகுதியிலுள்ள கலங்கள் தம்மிடையேயுள்ள இடைவெளிகளைக் கொழுப்புப் பொருளால் நிரப்பிவிடுகின்றன. இக்கொழுப்புத் தடையே கொடுப்பின் காவலன். கொழுப்பிற் கரையக்கூடிய சிறிய மூலக்கூறுகள் அதனூடு பரவிச் செல்கின்றன. பெரியவையும் மின்னேற்றம் உடையவையும் பெரும்பாலும் தடுக்கப்படுகின்றன. இன்சுலினைக் கொடுப்பில் அடக்கி நீரிழிவை ஆளமுடியாமைக்கு அதன் மூலக்கூற்றின் பருமை ஒரு முக்கிய காரணமாகும்.

நாவின் கீழுள்ள மேலணி கன்னத்தினதைவிட மெல்லியது. ஆகவே அங்கு மருந்து விரைந்து புகும். ஆனால் உமிழ்நீர் ஊறித் தேங்கும் இடமும் அதுவே; நாவும் ஓயாது அசைவது. மருந்து அங்கு நெடுநேரம் தங்குவதில்லை. கொடுப்போ அசைவு குறைந்த இடம். அங்கு வைத்த பொருள் வைத்தபடியே கிடக்கும். விரைவுக்கு நாவடி, தங்கலுக்குக் கொடுப்பு எனச் சுருக்கிக் கூறலாம். நோயாளி பற்களை இறுகக் கடித்திருக்கும் நிலையிலும் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வழி திறந்தேயிருக்கும் என்பது கொடுப்பின் தனிச்சிறப்பாகும்.

3. ஈரலைச் சுற்றிச் செல்லும் பாதை

விழுங்கப்பட்ட மருந்து குடலிலிருந்து வாயில்நாளத்தின் வழியே முதலில் ஈரலை அடைகின்றது. வரும் அந்நியப் பொருள்களைச் சிதைப்பது ஈரலின் தொழில். சில மருந்துகள் அங்கேயே பெரும்பகுதி அழிந்து, எஞ்சியதே உடலுக்குக் கிட்டுகின்றது. சுங்கச் சாவடியில் பொருளின் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு மீதியோடு ஊர்புகும் வணிகனின் நிலை இது. வாயிலிருந்து புறப்படும் நாளங்கள் கழுத்து நாளத்தை அடைந்து நேரே இதயத்துக்குச் செல்கின்றன. ஈரலை மருந்து பின்னர் சந்திக்கும். ஆனால் அதற்குள் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இதன் பழைய சான்று நைத்திரோகிளிசரின் ஆகும். 1847 இல் இத்தாலியின் தூரின் நகரில் அசுகானியோ சொப்ரேரோ இதனை ஆக்கி, நாவில் சிறிது சுவைத்தபோது கடுந் தலைவலி உண்டாயிற்று. வாயிலிட்ட அற்ப அளவே குருதிக் குழாய்களை விரித்துவிட்டது. 1879 இல் இலண்டன் வைத்தியர் வில்லியம் மறல் நெஞ்சுவலிக்கு இதனை மருந்தாகப் பயன்படுத்தி அறிக்கை வெளியிட்டார். அதனை விழுங்கினால் ஈரல் பெரும்பாலும் அழித்துவிடும். ஆதலாலேயே இன்றும் இதய நோயாளர் அதனை நாவின் கீழ் வைக்கின்றனர்.

4. சுண்ணாம்பு செய்யும் வேலை

இனி வெற்றிலைத் தட்டத்தை நோக்குவோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, விரும்பினோர்க்குப் புகையிலை என்பன அதன் உறுப்புகள். இவற்றுட் சுண்ணாம்பு எதற்கு? வாய் சிவக்க என்பது பொதுவான விடை. ஆனால் இரசாயனம் மற்றொரு விடையைத் தருகின்றது.

பாக்கிலுள்ள அரிக்கொலினும் புகையிலையிலுள்ள நிக்கொற்றினும் மென்மூலங்களாகும். அமிலச் சூழலில் இவை ஐதரசன் அயனை ஏற்று மின்னேற்றம் பெறுகின்றன. அந்நிலையில் கொழுப்புத் தடையைக் கடப்பது அரிது. காரச் சூழலில் மின்னேற்றம் இழந்து எளிதிற் கடக்கின்றன. நிக்கொற்றினை எடுத்துக்கொள்வோம். அமில காரத் தன்மையைக் குறிக்கும் பீ.எச். அளவு 8 ஆகும்போது அதன் மூலக்கூறுகளிற் சரிபாதி மின்னேற்றமற்றவை. 7 ஆகும்போது பதினொன்றில் ஒன்று மட்டுமே அவ்வாறுள்ளது. 9 ஆகும்போதோ பதினொன்றிற் பத்து மின்னேற்றம் இழந்து நிற்கும். உமிழ்நீரின் இயல்பான அளவு 7 ஐ ஒட்டியது. சிப்பியையோ சுண்ணக்கல்லையோ சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு, அவ்வளவை உயர்த்திவிடுகின்றது. விரல்நுனிச் சுண்ணாம்பு அடைத்த கதவைத் திறந்துவிடுகின்றது எனலாம். அத்துடன் அது அரிக்கொலினின் ஒரு பகுதியை அரிக்கைடீன் என்னும் வேறொரு பொருளாகவும் மாற்றுகின்றது.

ஆய்வுகூடம் இதனை அறிந்தது மிகப் பின்னரே. 1967 இல் இலண்டன் செல்சீ கல்லூரியைச் சேர்ந்த பெக்கற்றும் திரிக்சும், மருந்துக் கரைசலை வாயில் வைத்துச் சுழற்றித் துப்பச்செய்து, துப்பியதில் எவ்வளவு குறைந்துள்ளது என அளந்தனர். கரைசலின் காரத்தன்மை கூடக்கூட மூல இயல்புடைய மருந்துகள் கூடுதலாக உட்சென்றமை வெளிப்பட்டது. புகைப்பழக்கத்தை விடுவிக்கச் சுவீடனில் ஓவே பேர்னோ உருவாக்கி, 1978 இல் சுவிற்சர்லாந்தில் அனுமதி பெற்ற நிக்கொற்றின் மெல்லுபசையிலும் காரப்பொருள் சேர்க்கப்பட்டது. அதனைச் சிறிது மென்று கொடுப்பில் அடக்குமாறு கூறுவர். கோப்பி போன்ற அமிலப் பானங்களை அவ்வேளை தவிர்க்குமாறும் கூறுவர். நம் பாட்டிமார் பாக்குரலில் இடித்து வாயில் அடக்கியதன் தத்துவமும் இதுவே. அவர்கள் இரசாயனம் அறிந்து செய்தனர் எனக் கூறுவது மிகையாகும். ஆனால் தலைமுறைகளின் பட்டறிவு பயன்தரும் ஒரு சேர்க்கையைக் கண்டடைந்தது என்பதை மறுத்தற்கில்லை.

5. வலிப்பும் தூரமும்

கொடுப்பு வழியின் பெறுமதி மிகத் தெளிவாக வெளிப்படுவது குழந்தைகளின் வலிப்பிலாகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 2 முதல் 5 வரையானோர்க்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலானவை சில நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பே ஆபத்தானது. அது தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு; நேரம் செல்லச்செல்ல மருந்துக்கு அடங்குவதும் அரிது. ஆகவே இங்கு மருந்தின் வலிமையைப்போலவே அது சென்றடையும் நேரமும் முக்கியமாகின்றது.

வலிப்புற்ற குழந்தையால் விழுங்க முடியாது. துடிக்கும் சிறுகையில் நாளத்தைத் தேடி ஊசியேற்றுவது வைத்தியருக்கே கடினம். அதனால் டயசிபாம் என்னும் மருந்தை மலவாயில் வழியே செலுத்தும் முறை நெடுங்காலம் கையாளப்பட்டது. அது பயன்தரும் முறையே. எனினும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடசாலையிலோ பேருந்திலோ பலர் முன்னிலையில் அதனைச் செய்யப் பெற்றோரும் ஆசிரியரும் கூசுவர். அந்நாணம் உயிர்காக்கும் நிமிடங்களைக் கவர்ந்துவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததே மிடசொலாம். இதன் இரசாயன நடத்தை வெற்றிலையின் பாடத்தை நினைவூட்டுவது. கடும் அமிலக் கரைசலில் இதன் மூலக்கூற்று வளையம் திறந்து நீரிற் கரைகின்றது. ஆதலால் திரவமாகச் சேமிக்கலாம். வாயின் நடுநிலைச் சூழலை அடைந்ததும் வளையம் மூடிக் கொழுப்பிற் கரையும் நிலையைப் பெறுகின்றது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்ததை இங்கு உமிழ்நீரே செய்துவிடுகின்றது. விழுங்கினால் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கே குருதியை அடையும் இம்மருந்து, கொடுப்பு வழியே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அடைகின்றது.

1999 இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில் கொடுப்பிலிட்ட மிடசொலாம் 40 வலிப்புகளில் 30 ஐ நிறுத்தியது. டயசிபாம் 39 இல் 23 ஐ நிறுத்தியது. அவ்வேறுபாடு உறுதியான முடிவுக்குப் போதாது. 2005 இல் 219 வலிப்புகளை ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வில் மிடசொலாம் நூற்றுக்கு 56 இலும் டயசிபாம் 27 இலும் பயன்தந்தமை தெளிவாயிற்று. நமக்கு நெருக்கமானது 2008 இல் வெளியான உகண்டா ஆய்வு. கம்பாலா நகரின் முலாகோ வைத்தியசாலையில் 330 குழந்தைகளிடையே, மலேரியாக் காய்ச்சல் மலிந்த சூழலில், அது நடத்தப்பட்டது. மருந்து தவறிய வீதம் மிடசொலாமுக்கு நூற்றுக்கு 30 அளவிலும் டயசிபாமுக்கு 43 அளவிலும் இருந்தது. செல்வ நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு வெளியேயும் இம்முறை நிற்கும் என்பதற்கு இது சான்றாகும். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் வாய்ச்சவ்வு வழி மிடசொலாம் இடம்பெற்றுள்ளது.

இனிப் பளையை நோக்குவோம். கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரிவில், ஆனையிறவுக்கு வடக்கே, கண்டி வீதியை ஒட்டி அமைந்தது இவ்வூர். வீதியோரத்திற் கடைகளும் வைத்தியசாலையும் புகையிரத நிலையமும் உள்ளன. மக்களிற் பலரோ தென்னந் தோட்டங்களுக்கும் பனங்கூடல்களுக்கும் அப்பால், மேற்கே கிளாலி வரையும் கிழக்கே கடற்கரை வரையும் சிதறி வாழ்கின்றனர். வடக்கே முகமாலை 2009 வரை போர்முனையாக இருந்து, பின்னர் கண்ணிவெடி அகற்றலுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்துக்கிடந்தது. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 மார்ச்சிலேயே பளைக்கு மீண்டும் வந்தது. 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கும் அவசர நோயாளர் காவுவண்டிச் சேவை 2018 இல் வடமாகாணத்துக்கு விரிந்தது பெரும் பேறே. ஆயினும் இரவில், மழையில், மணலொழுங்கையின் முடிவிலுள்ள வீட்டுக்கு எவ்வண்டியும் ஐந்து நிமிடத்தில் வந்துசேரும் என எதிர்பார்த்தல் நியாயமன்று. அந்த ஐந்து நிமிடம் தாயின் கையிலேயே உள்ளது.

அத்தாய் இன்று செய்வது என்ன? கையில் இரும்புத் திறப்பைக் கொடுக்கின்றாள், பற்களிடையே கரண்டியைச் செருக முயல்கின்றாள், வாயில் நீரூற்றுகின்றாள். இரும்பு தீங்கு செய்யாது, நன்மையும் செய்யாது. பெரும்பாலான வலிப்புகள் தாமே அடங்குவதால் அடங்கிய பெருமை இரும்புக்குப் போய்விட்டது. கரண்டி பல்லை உடைக்கும். நீர் மூச்சுக்குழாயிற் புகும். அறியாமை எனத் தாயைக் கடிவதிற் பயனில்லை. வேறெதுவும் அவள் கையிற் கொடுக்கப்படாதபோது அவள் இருப்பதை எடுத்தாள் என்பதே உண்மை.

முறை எளியது. குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் ஒருபுறம் சாய்த்துக் கிடத்தி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தும் வலிப்பு நீடித்தால், ஊசியற்ற சிறு பீச்சுகுழாயால், வைத்தியர் முன்னரே குறித்துத் தந்த அளவை, கீழ்க்கன்னத்துக்கும் முரசுக்கும் இடையே மெதுவாக இடவேண்டும். அளவு கூடினால் இருபுறக் கொடுப்பிலும் பாதி பாதியாக இடலாம். பற்களைத் திறக்க முயலக்கூடாது. ஐரோப்பாவில் 2011 இல் அனுமதிக்கப்பட்ட தயாரிப்பில் வயதுக்கேற்ப 2.5 முதல் 10 வரையான மில்லிகிராம் அளவுகள் நிறைத்தே வழங்கப்படுகின்றன. இம்மருந்து மூச்சைத் தளர்த்தக்கூடியது. ஆதலால் மூச்சைக் கவனித்திருத்தலும், காவுவண்டியை அழைத்தலும், வைத்தியர் சொன்னாலன்றி இரண்டாவது முறை கொடாமையும் இன்றியமையாதன.

6. சர்க்கரையும் சிசுவும்

மற்றோர் உதாரணத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். பிறந்த சில சிசுக்களின் குருதியிற் குளுக்கோசு ஆபத்தான அளவுக்குக் குறைவதுண்டு. நியூசிலாந்தில் 2013 இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 40 பங்கு குளுக்கோசு கொண்ட களியைச் சிசுவின் கொடுப்பினுள் தடவித் தாய்ப்பாலும் ஊட்டினர். சிகிச்சை தவறியது களி பெற்றோருள் நூற்றுக்கு 14 பேரிலும், பெறாதோருள் 24 பேரிலுமாகும். தாயையும் சேயையும் பிரிக்காமல் செய்யப்படும் மலிவான சிகிச்சை இது. எல்லாச் சிசுக்களின் வாயிலும் இனிப்புத் தடவும் வழக்கத்துக்கு இது ஆதரவாகாது. அளந்தறிந்த குறைபாட்டுக்கு அளந்து கொடுக்கும் மருந்து வேறு, சடங்கு வேறு.

7. வாயிலின் மறுபுறம்

மருந்தை உள்ளே விடும் வாயில் நஞ்சையும் விடும். கொடுப்பில் நாள்தோறும் பல மணிநேரம் அடக்கப்படும் வெற்றிலைக் கலவை குருதிக்குச் செல்லும் வழியில் அச்சுவரையே அழிக்கின்றது. பாக்கின் பொருள்கள் மேலணிக்குக் கீழுள்ள நாரிழையத்தைத் தூண்டி மிகைப்படச் செய்கின்றன. கன்னம் வெளிறி விறைத்து, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். கீழ்ச்சவ்வு நார்த்தடிப்பு எனத்தகும் இந்நிலையை, 1952 இல் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் சுவார்ற்சு விவரித்தார். இது புற்றுநோய்க்கு முன்னோடியாகலாம். 1984 இல் கூடிய சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் குழு, புகையிலை சேர்ந்த வெற்றிலை மனிதரிற் புற்றுநோய் விளைப்பது என முடிவு கட்டியது. 2003 இல் கூடிய குழு, புகையிலை சேராத வெற்றிலைக் கலவையையும் பாக்கையும் அவ்வாறே வகைப்படுத்தியது. 'புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்' என்னும் ஆறுதல் அதன்பின் செல்லாததாயிற்று.

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. மேலைநாடுகளில் அது பெரும்பாலும் நாவிலும் வாயின் அடித்தளத்திலும் தோன்ற, தெற்காசியாவில் கன்னமும் முரசும் முதன்மை பெறுகின்றன. வெற்றிலை தங்கும் இடமே புற்றின் இடமாகின்றது. ஆயினும் கண்ணாற் காணக்கூடிய இடத்தில் தோன்றும் புற்று இது. ஆரம்பச் சுகாதாரப் பணியாளர் வாயைத் திறக்கச்செய்து பார்த்தே அதன் முற்குறிகளைக் கண்டுபிடிக்கலாம் என்பதை, இலங்கையிற் சமன் வர்ணகுலசூரியவும் துணைவரும் நடத்தி 1984 இல் வெளியிட்ட ஆய்வு உலகுக்குக் காட்டிற்று.

வெற்றிலையை ஒழுக்கக் கேடாகக் கண்டு தூற்றுவதும் பண்பாடெனப் போற்றி வாளாவிருப்பதும் ஒருங்கே பயனற்றவை. யார், ஏன் மெல்லுகின்றனர் என்பதே கேள்வி. தென்னந்தோட்டத்திலும் வயலிலும் கடலிலும் உழைப்போர் பசியை அடக்கவும் களைப்பை மறக்கவும் அதனை நாடுகின்றனர். அரிக்கொலினும் நிக்கொற்றினும் அந்தப் பணியைச் செய்யவே செய்கின்றன. வேலைத்தலத்தில் மதிய உணவும் ஓய்வும் உறுதியாகாத இடத்தில் அறிவுரை மட்டும் கொடுப்பை வெறுமையாக்காது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, கொடுப்பு ஓர் உறிஞ்சும் உறுப்பு. சிறிய, கொழுப்பிற் கரையும், மின்னேற்றமற்ற மூலக்கூறுகளுக்கு அது வழிவிடும். அவ்விதி மருந்துக்கும் நஞ்சுக்கும் பொது. இரண்டாவது, நீடித்த வலிப்புக்கான கொடுப்பு மருந்து, நோயறிந்து வைத்தியர் எழுதிக்கொடுத்த குடும்பங்களிடமும், கிராமத்து ஆரம்ப வைத்தியசாலைகளிலும், பயிற்சி பெற்ற ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரிடமும் இருக்கவேண்டியது. அயல்நாட்டுத் தயாரிப்பின் விலை இதற்குத் தடையாகலாம். ஊசிக்கென ஆக்கிய திரவத்தையே கொடுப்பிலிட்டு நடத்திய ஆய்வுகள் உள்ளமையால், அத்தடை கடக்க இயலாததன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டின் கொடுமையை இந்நாடு முழுவதும் கண்டது. வன்னி அதனைப் போர்க்காலத்திலேயே கண்டிருந்தது. அத்தியாவசிய மருந்து எது என்னும் கேள்வியில் தொலைவூர்த் தாயின் குரலும் ஒலிக்கவேண்டும்.

மூன்றாவது, வாயைப் பார்க்கும் பழக்கம். வலிப்பு மருந்தை இடக் கற்பிக்கும் அதே பணியாளர், அதே வீட்டில் வெற்றிலை போடும் பேரனாரின் கன்னத்தையும் கைவிளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடலாம். வெண்படலமோ செம்படலமோ, ஆறாப் புண்ணோ, மூன்று விரல் நுழையாத வாயோ காணப்பட்டால் உடனே வைத்தியசாலைக்கு அனுப்பலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கொடுப்பை அறிந்த மக்களுக்கு அதன் அறிவியலையும் அவர்தம் மொழியிலே அறிவித்தலே முதற்பணியாகும்.